குளிர்கடலும் கேளாச் செவியும்

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு மாலைப் பொழுது, முன்னர் என்னிடம் கல்வி கற்ற மாணவன் ஒருவன் என் இல்லம் தேடி வந்தான். பௌதிக பாடத்திலே பேரார்வம் உடையவன். வகுப்பில் முதல் வாங்கில் அமர்ந்து, நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று முணுமுணுக்கும் சொற்களையும் தவறவிடாது குறிப்பெடுத்தவன். இப்பொழுது அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், சாந்தா குரூஸ் என்னும் கடற்கரை நகரிலே பொறியியலாளனாகத் தொழில் புரிகின்றான்.

விறாந்தையில் எனக்கு இடப்பக்கமாக அவன் அமர்ந்தான். “அம்மா சுகமாக இருக்கின்றாரா?” என்று வினவினேன். “சீனி இல்லாமலே குடிப்பேன், சேர்” என்று விடையிறுத்தான். தேநீர் கொண்டு வந்த என் மனைவி சிரித்துவிட்டாள். அவனோ சிரிக்கவில்லை. எழுந்து சென்று எனக்கு வலப்பக்கத்திலிருந்த கதிரையில் அமர்ந்து, “மன்னியுங்கள், சேர். என் வலக் காது இப்பொழுது சரியாகக் கேட்பதில்லை. இடக் காதை உங்கள் பக்கம் வைத்துக்கொண்டாற்றான் பேச முடியும்” என்றான்.

அவனுக்கு அகவை நாற்பதுகூட ஆகவில்லை. காய்ச்சல் கண்டதா, விபத்து நேர்ந்ததா என்று கேட்டேன். “ஒன்றுமில்லை, சேர். பதினைந்து ஆண்டுகளாகக் கடலலைமீது பலகையில் சறுக்கி விளையாடி வருகின்றேன். அந்தக் கடல் குளிர்ந்த கடல். என் செவிக்குள்ளே என்பு வளர்ந்துவிட்டதென்று வைத்தியர் கூறுகின்றார்” என்றான்.

செவிக்குள் என்பு வளர்வதா? நான் நம்பாதவன் போல் அவனை நோக்கினேன். அவன் சென்ற பின்னர் இது பற்றிய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் தேடிப் படித்தேன். வியப்புக்குரிய செய்திகள் பல கிடைத்தன. நம் பிள்ளைகள் இன்று குளிர் நாடுகள் பலவற்றில் வாழ்கின்றனர். அங்குள்ள கடல்களிலே நீந்துகின்றனர், சறுக்கி விளையாடுகின்றனர். ஆதலின் இச்செய்திகளை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது பயனுடைத்து என்று கருதுகின்றேன்.

இளவரசர் மூவர்

அலைச்சறுக்கல் ஹவாய்த் தீவினரின் தொன்மையான கலை. வெப்ப வலயத்துக் கடலில் வெற்றுடம்போடு ஆடப்பட்ட ஆட்டம் அது. 1885 ஆம் ஆண்டு, கலிபோர்ணியாவிலே கல்வி பயின்ற ஹவாய் நாட்டு இளவரசர் மூவர், சாந்தா குரூஸ் நகரில் ஆறு கடலோடு கலக்குமிடத்தில், செம்மரப் பலகைகளைச் செய்து அலைமீது சறுக்கினர். அமெரிக்கப் பெருநிலத்தில் இவ்விளையாட்டு நிகழ்ந்தமைக்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று இதுவே என்பர்.

ஆனால் ஹவாய்க் கடல் வேறு. கலிபோர்ணியாக் கடல் வேறு. வடக்கிலிருந்து வரும் குளிர் நீரோட்டம் அக்கரையைத் தழுவிச் செல்கின்றது. ஆழத்துக் குளிர்நீரும் மேலெழுந்து வந்து கலக்கின்றது. ஆதலால் கோடைக் காலத்திலும் சாந்தா குரூஸ் கடல் பெரும்பாலும் 16 பாகை செல்சியசு அளவைத் தாண்டுவதில்லை. மாரியில் 11 அல்லது 12 பாகைக்கு இறங்கிவிடும். நம் நாட்டைச் சூழ்ந்துள்ள கடலோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 27 முதல் 30 பாகை வரையில் இருப்பது. நம் அறுகங்குடாவிலே வெளிநாட்டார் காற்சட்டையோடு மட்டும் சறுக்கி விளையாடுவதன் காரணம் இதுவே.

நீர் வெப்பத்தைக் கடத்தும் ஆற்றல் வளியினும் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு மிகுந்தது. எனவே 12 பாகை வளியிலே ஒரு கம்பளிச் சட்டையோடு உலாவி வரக்கூடிய ஒருவன், 12 பாகை நீரிலே சிறிது நேரத்தில் நடுங்கத் தொடங்குவான். விரல்கள் மரத்துப்போகும், தசைகள் சொற்கேளா. அக்காலத்தில் அக்கரையில் விளையாடியோர் கம்பளிச் சட்டை அணிந்து கடலில் இறங்கினர். சிறிது நேரம் விளையாடிவிட்டுக் கரையேறி, அங்கு மூட்டி வைத்த தீயருகே நடுங்கியவாறு அமர்ந்திருந்தனர். நனைந்த கம்பளி பாரமாயிற்றேயன்றி உடலைக் காக்கவில்லை.

நனைந்தும் குளிராத உடை

இத்துன்பத்துக்கு ஒரு பௌதிக விஞ்ஞானி தீர்வு கண்டார். ஹியூ பிராட்னர் என்பது அவர் பெயர். கலிபோர்ணியாச் சர்வகலாசாலையைச் சேர்ந்த அவர், கடலில் மூழ்கிப் பணி செய்யும் கடற்படையினருக்காக 1951 ஆம் ஆண்டளவில் ஓர் உடையைப் பற்றிச் சிந்தித்தார். உடலைக் குளிரினின்று காக்க வேண்டுமாயின் உடல் நனையாதிருக்க வேண்டும் என்பதே அதுவரை எல்லோரும் கொண்டிருந்த எண்ணம். பிராட்னர் அதனை மறுத்தார். உடல் நனைந்தால் என்ன? உடையின் பொருளிலே நுண்ணிய வளிக்குமிழிகள் நிறைந்திருந்தால், அவையே வெப்பத்தை வெளியேறவிடாது தடுக்கும் என்று அவர் கண்டார்.

அதற்கு ஏற்ற பொருளாக வாய்த்தது நியோப்பிறீன். இது நம் றப்பர் மரத்துப் பாலிலிருந்து பெறப்படுவதன்று. 1930 இல் அமெரிக்காவிலே இரசாயன முறையால் ஆக்கப்பட்ட செயற்கை றப்பர். இதனை நுரைபோல் பொங்கச் செய்யும்பொழுது, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல்லாயிரம் சிறு குமிழிகள் அதனுள்ளே அடைபட்டுவிடுகின்றன. உடலோடு இறுகப் பொருந்தும் இவ்வுடைக்குள் சிறிதளவு நீர் புகுகின்றது. அந்நீரை உடலின் வெப்பம் இளஞ்சூடாக்கிவிடும். குமிழிகள் அவ்வெப்பத்தைக் கடலுக்குக் கொடாமற் காக்கின்றன. இதனாலேயே இதனை நீருடை என்கின்றனர். பிராட்னர் இதனால் பெருஞ்செல்வம் ஈட்டினாரல்லர். அவர் 2008 இல் மறைந்தார்.

இவ்வுடையை அலைச்சறுக்கு வீரரிடையே பரப்பியவர்களுள் முதன்மையானவர் ஜாக் ஓநீல். 1952 இல் சான் பிரான்சிஸ்கோ நகரின் கடற்கரையோரம் ஒரு சிறிய கடையைத் திறந்த அவர், குளிர்கடலில் நெடுநேரம் நிற்க வேண்டும் என்ற தம் ஆசையாலேயே நுரைப் பொருள்களை வெட்டியும் ஒட்டியும் சோதனைகள் செய்து வந்தார். 1959 இல் கடையைச் சாந்தா குரூசுக்கு மாற்றினார். 2017 இல் தம் 94 ஆம் அகவையில் அந்நகரிலேயே காலமானார்.

இன்று இவ்வுடைகள் கடலின் குளிருக்கேற்பப் பல தடிப்புகளிற் கிடைக்கின்றன. உடையின்மேல் ‘4/3’ எனக் குறித்திருந்தால், மார்பும் வயிறும் அடங்கிய பகுதி 4 மில்லிமீற்றர் தடிப்பும், கைகால்களின் பகுதி 3 மில்லிமீற்றர் தடிப்பும் உடையன என்பது பொருள். வெப்பத்தை இழக்கக்கூடாத பகுதிக்குத் தடிப்பு. அசைய வேண்டிய பகுதிக்கு மெல்லிமை. நீரின் வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழே இறங்கினால் 5 அல்லது 6 மில்லிமீற்றர் உடை வேண்டும். காலுறை, கையுறை, தலையுறை ஆகியனவும் வேண்டும். நல்ல உடையிலே தையல் ஊசி துணியை முற்றாக ஊடுருவிச் செல்வதில்லை. ஓரங்களை முதலிற் பசையால் ஒட்டி, பின்னர் அரைத் தடிப்பளவுக்கே ஊசியைச் செலுத்தித் தைக்கின்றனர். துளை வழியே நீர் புகாதிருத்தற்காக இவ்வேற்பாடு. உடை தளர்வாயிருப்பின் எத்துணைத் தடிப்பிருந்தும் பயனில்லை. ஒவ்வோர் அலையும் சூடான நீரைக் கழுவிச் சென்று குளிர்நீரை நிரப்பிவிடும்.

இங்கேதான் ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. முன்னர்ச் சிறிது நேரத்திலே கரையேறியவன், நீருடை அணிந்த பின்னர் இரண்டு, மூன்று மணி நேரம் கடலில் இருக்கின்றான். முன்னர்க் கோடையில் மட்டும் விளையாடியவன் இப்பொழுது மாரியிலும் விளையாடுகின்றான். உடல் முழுவதும் கவசம் பூண்டுவிட்டது. ஆனால் தலையுறை அணியாதார் பலர். அவர்களுடைய செவித்துளைகள் மட்டும் திறந்தே கிடக்கின்றன. உடலைக் காத்த அதே உடை, செவியைக் குளிரிடம் நெடுநேரம் ஒப்படைத்துவிட்டது.

செவியினுள்ளே நிகழ்வது

செவித்துளையிலிருந்து செவிப்பறை வரையுள்ள கால்வாய் ஏறத்தாழ ஓர் அங்குல நீளமுடையது. அதன் வெளிப்புற மூன்றிலொரு பங்கு கசியிழையத்தாலானது. உட்புற மூன்றிலிரு பங்கு என்பாலானது. உடலின் பிற பகுதிகளிலே தோலுக்கும் என்புக்குமிடையில் கொழுப்பும் தசையும் இருக்கும். இக்கால்வாயின் உட்பகுதியிலோ மெல்லிய தோல் என்பைப் போர்த்த மென்சவ்வின்மீது நேரே படிந்துள்ளது. ஆகவே உட்புகும் குளிர்நீர் அவ்வென்பை ஏறக்குறைய நேரடியாகவே தாக்குகின்றது.

குளிரால் தாக்குண்ட அவ்விடத்துக் குருதிக் குழாய்கள் பின்னர் விரிவடைகின்றன. என்பை மூடிய சவ்வு மீண்டும் மீண்டும் உறுத்தப்பட்டு, புதிய என்பை ஆக்கும் கலங்கள் தூண்டப்படுகின்றன என்று மருத்துவ அறிஞர் விளக்குவர். ஒரு படை, அதன்மேல் இன்னொரு படை. வெங்காயத்தின் தோல்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்திருப்பது போல, ஆண்டுதோறும் அடுக்கடுக்காக என்பு படிந்து, கால்வாயின் சுவரிலிருந்து மேடுகளாய் எழுகின்றது. நனைந்த செவியில் வீசும் காற்று ஈரத்தை ஆவியாக்கி மேலும் குளிரச் செய்வதால், காற்றும் இதற்குத் துணை போகின்றது. இது புற்று நோயன்று. உடலின் வேறிடங்களுக்குப் பரவுவதுமன்று. மெல்ல மெல்லக் கதவைச் சாத்துவது போன்றதொரு வளர்ச்சி. நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 19 பாகைக்குக் குறைந்த கடல்களிலே பல்லாண்டு விளையாடுவோரிடம் இது மிகுதி.

தொடக்கத்தில் வலியில்லை, கேள்வியும் குறைவதில்லை. முதல் அறிகுறி மிக எளியது: கடலிலிருந்து வந்த பின்னும் செவிக்குள் நீர் நெடுநேரம் தங்கிவிடுகின்றது. தலையைச் சாய்த்தாலும் வெளியேறுவதில்லை. பின்னர்ச் செவி மெழுகும் மேடுகளுக்குப் பின்னால் சிக்குண்டு தேங்குகின்றது. தேங்கிய ஈரத்திலே கிருமிகள் பெருகிச் செவிநோவும் சீழும் அடிக்கடி தோன்றுகின்றன. கால்வாய் ஊசித்துளையளவு சுருங்கிய நிலையில், ஒரு துணுக்கு மெழுகு அடைத்தாலும் போதும். ஒலி உட்செல்ல வழியில்லாது போய்விடும். என் மாணவனுடைய நிலை இதுவே.

இன்னொரு செய்தியையும் மாணவர்கள் அறிந்துகொள்ளல் நன்று. ஒரு செவியில் மட்டும் குளிர்நீர் புகுந்தால் தலை சுற்றும். உட்செவியிலே நம் உடலின் சமநிலையைப் பேணும் அரைவட்டக் கால்வாய்களில் உள்ள திரவம் குளிர்ச்சியால் அசைவதே அதற்குக் காரணம். இந்நிகழ்வை ஆராய்ந்த ஆஸ்திரிய வைத்தியரான றொபேட் பாரனி என்பாருக்கு 1914 ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது. பெரிய அலையின் கீழே புரண்டெழும் ஒருவனுக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாமற் போகுமாயின், அதன் விளைவை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மண்டையோடுகள் கூறும் சான்று

இதற்குக் குளிர்நீர்தான் காரணம் என்பதை எவ்வாறு உறுதி செய்தனர்? 1938 இல் ஒல்லாந்து வைத்தியரான வான் கில்சே என்பார் இக்கருத்தை முன்வைத்தார். 1942 இல் பௌலர், ஒஸ்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் கினிப் பன்றிகளின் செவிகளிலே குளிர்நீரைப் பலமுறை பாய்ச்சிப் பார்த்தனர். அவ்விடத்தில் புதிய என்பு படிந்திருக்கக் கண்டனர்.

இதனினும் சுவையான சான்று தொல்பொருளாராய்ச்சியிலிருந்து கிடைத்தது. தென்னமெரிக்காவிலே சிலி நாட்டின் வடபகுதியில் வாழ்ந்து மறைந்த பண்டை மக்களின் மண்டையோடுகள் 1,149 ஐ ஆராய்ந்தோர் 1997 இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். குளிர் நீரோட்டம் ஓடும் கடலிலே மூழ்கி உணவு தேடிய கரையோர மக்களுள் நூற்றுக்கு முப்பதின்மருக்கு இவ்வென்பு வளர்ச்சி இருந்தது. பள்ளத்தாக்கில் வாழ்ந்தோரிடம் அது நூற்றுக்கு இரண்டு அளவிலேயே காணப்பட்டது. உயர்ந்த மலைநாட்டு மக்களிடம் ஒருவருக்கேனும் இல்லை. அவர்கள் எழுதி வைத்த வரலாறு எதுவுமில்லை. ஆயினும் அவர்கள் செய்த தொழிலைச் செவியிலுள்ள என்பு நமக்கு எடுத்துரைக்கின்றது.

அதற்கும் முற்பட்ட காலத்தில் வாழ்ந்த நியாண்டர்தால் மனிதரிடமும் இது உண்டு. 2019 இல் வெளியான ஆய்வொன்றிலே, ஆராயப்பட்ட 23 நியாண்டர்தால் மனிதருள் ஏறத்தாழ அரைப்பங்கினருக்கு இவ்வளர்ச்சி இருந்தமை தெரிய வந்தது. அவர்களும் நீரில் இறங்கி உணவு தேடியிருத்தல் கூடும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

நம் காலத்து அலைச்சறுக்கு வீரரைப் பற்றியும் கணக்கெடுத்துள்ளனர். 1999 இல் கலிபோர்ணிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்விலே, சோதிக்கப்பட்ட முந்நூற்றுக்கு மேற்பட்ட வீரருள் ஏறத்தாழ நான்கில் மூவரிடம் இவ்வளர்ச்சி சிறிதாகவோ பெரிதாகவோ காணப்பட்டது. விளையாடிய ஆண்டுகள் கூடக் கூட வளர்ச்சியும் கூடியிருந்தது.

வருமுன் காத்தல்

வளர்ந்த என்பை மருந்தால் கரைக்க இயலாது. அதனைக் குறைக்கும் சொட்டு மருந்தோ குளிசையோ இல்லை. கால்வாய் மிக ஒடுங்கி, கேள்வி குறைந்து, நோவும் சீழும் தொடர்ந்தால் சத்திரசிகிச்சை ஒன்றே வழி. நுண்ணிய துளைகருவியாலோ ஒரு மில்லிமீற்றர் அளவேயான சிற்றுளியாலோ அவ்வென்பை அகற்றுவர். அருகில் செவிப்பறையும் முகத்தை இயக்கும் நரம்பும் இருத்தலால் அது மிகுந்த கவனத்துடன் செய்ய வேண்டிய பணி. பின்னர்ப் பல வாரங்கள் நீரில் இறங்கலாகாது. செவியைக் காவாது மீண்டும் குளிர்கடல் புகுந்தால் என்பு மீண்டும் வளர்தலும் உண்டு. எனவே தடுப்பதே அறிவுடைமை. தடுப்பதும் எளிது.

முதலாவது, செவியடைப்பான். சிலிக்கோன் என்னும் மெல்லிய பொருளாலான அடைப்பான்கள் பல அளவுகளில் விற்கப்படுகின்றன. ஒவ்வொருவருடைய செவியையும் அச்செடுத்து அதற்கெனவே வார்த்துக் கொடுப்பவையும் உள. ஒலியைப் புகவிட்டு நீரை மட்டும் தடுக்கும் மெல்லிய வலை பொருத்தியவையும் இன்று கிடைக்கின்றன. ‘அடைப்பான் அணிந்தால் நண்பர் கூப்பிடுவதும், அலை வரும் ஓசையும் கேட்பதில்லை’ என்று சாக்குச் சொல்லுவோர் இத்தகையதை வாங்கலாம். உறங்கும்போது அணியும் பஞ்சு போன்ற நுரையடைப்பான்கள் கடலுக்கு உதவா. அவை நீரை உறிஞ்சிக் குளிர்ச்சியைச் செவிக்குள்ளேயே தேக்கிவிடும்.

இரண்டாவது, நியோப்பிறீன் தலையுறை. இது காற்றையும் குளிரையும் தடுக்கும். செவியடைப்பான் கழன்று போகாதும் காக்கும். ஆயினும் நீர் இதனுள்ளும் ஓரளவு புகுமாதலின், அடைப்பானும் தலையுறையும் சேர்ந்திருத்தலே சாலச் சிறந்தது.

மூன்றாவது, கரையேறியதும் தலையை இருபுறமும் சாய்த்து நீரை வெளியேற்றி, உலர்ந்த துவாயால் வெளிச்செவியைத் துடைத்து, காற்றுப்படாமல் தொப்பி அணிந்துகொள்ளல். பஞ்சு சுற்றிய குச்சியையோ கொண்டையூசியையோ உள்ளே நுழைக்கவே கூடாது. மெல்லிய தோல் கிழிந்தால் கிருமிக்கு வழி திறந்துவிட்டவராவோம். செவியை உலர்த்தும் சொட்டு மருந்துகள் உண்டு. ஆனால் செவிப்பறையில் துளை இருப்பின் அவை தீங்கு செய்யும். வைத்தியர் பார்த்துக் கூறாமல் அவற்றை இடலாகாது.

ஓர் எச்சரிக்கை. இவ்வடைப்பான்கள் நீரின் மேற்பரப்பில் விளையாடுவோர்க்கு உரியன. கடலின் ஆழத்தில் மூழ்குவோர் துளையில்லா அடைப்பானை அணியலாகாது. ஆழத்தின் அமுக்கம் அதனை உள்ளே தள்ளிச் செவிப்பறைக்கு ஊறு விளைவிக்கக்கூடும்.

நம் நாட்டுக் கடலிற் குளிப்போர் இந்நோய்க்கு அஞ்ச வேண்டியதில்லை. வெம்மையான நீரில் இது மிக அரிது. ஆனால் ஈரம் தங்கிய செவியில் கிருமி பெருகுதல் எந்நாட்டுக்கும் பொது. கடலிலும் கேணியிலும் குதித்து விளையாடும் சிறுவரின் செவிகளை உலர வைக்கும் பழக்கத்தைப் பெற்றோர் ஊட்டுதல் வேண்டும்.

அவன் சொன்னது

அன்று மாலை நான் என் மாணவனிடம் ஒரு கேள்வி கேட்டேன். “செவியடைப்பானின் விலை உனக்குப் பெரிதன்று. உடைக்கும் பலகைக்கும் எவ்வளவோ செலவிட்டாய். இதை மட்டும் ஏன் வாங்கவில்லை?”

அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். “குளிரினால் உடல் நடுங்கியது, சேர். ஆகவே உடை வாங்கினேன். செவி நடுங்கவுமில்லை, நோகவுமில்லை. கேள்வி ஒரே நாளிற் போயிருந்தால் அன்றே ஓடியிருப்பேன். ஆண்டுக்குக் கொஞ்சமாகப் போயிற்று. அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போதெல்லாம் நான் இடக் காதிலேயே வைத்துப் பேசுகின்றேன் என்பதை என் மனைவி சொல்லித்தான் அறிந்தேன்” என்றான்.

திருவள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வதிகாரத்தை நான் ஆண்டுதோறும் வகுப்பறைகளிலே எடுத்துக்கூறி வந்திருக்கின்றேன். ஆயினும் கேட்கும் கருவியைப் பேணும் வகையை எந்த மாணவனுக்கும் நான் கூறியதில்லை என்பது அன்று என் நெஞ்சை உறுத்தியது.

ஆவணி மாதத்தில் அவனிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. வலச் செவியிலே சத்திரசிகிச்சை நடந்து, புண் ஆறிவிட்டதாம். இடச் செவியிலும் வளர்ச்சி தொடங்கியிருப்பினும் அது கேள்வியைத் தடுக்கவில்லையாம். வைத்தியர் இசைவு தந்ததும் மீண்டும் கடலுக்குச் செல்வானாம்; ஆனால் இரு செவிகளிலும் அடைப்பானும், தலையிலே உறையும் இல்லாமல் நீரில் கால் வைப்பதில்லை என்று உறுதி கூறினான்.

“தொலைபேசியை இப்பொழுது எந்தக் காதில் வைத்திருக்கின்றாய்?” என்று கேட்டேன்.

“வலக் காதில், சேர்” என்றான். நான் மெல்லிய குரலிலேதான் கேட்டிருந்தேன்.